தலை பொய் சொல்லாது

என் கணவன் மின்கோ சிகரெட்டை விட்ட அறுபத்துமூன்றாம் நாள், அரசாங்கம் அவனை உட்காரவைத்து ஒரு சிகரெட்டைப் பற்றவைக்கச் சொன்னது. கோபத்தில் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைப்பவர்கள் ப்ளேவென் நகரத்து ஆவிக்கருவிப் படிநிலை ஆணையத்துக்கு ஒரு நடை போய்வரலாம். பழைய காலுறைத் தொழிற்சாலை, இரண்டாம் மாடி. வழி கேட்க வேண்டாம். வாசலில் ஊழியர்கள் கூட்டமாக நின்று ஊதித் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

முதலில் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மின்கோ டிராலி பஸ் ஓட்டுநர். எப்போதோ செய்த அறுவையின் தழும்பு வழியாகக் குடல் பிதுங்கி, தொப்புளுக்கு மேலே ஒரு சின்னப் பூசணிக்காய் அளவுக்கு நிற்கிறது. இருமினால் அது பெரிய பூசணிக்காய். ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை வயிற்றில் என்று ஒரு வருடமாக இந்த ஊர் ஜனங்களைச் சுமந்துகொண்டிருக்கிறான்.

"தொண்ணூறு நாள் ஒரு சிகரெட் தொடக் கூடாது," என்றார் டாக்டர் வெலிச்கோவா. "தொட்டீங்கன்னா நான் கத்தியத் தொட மாட்டேன். நான் போடற தையலை இருமியே பிச்சுருவீங்க. அதுக்கு முன்னாடி குடல் உள்ள மாட்டிக்கிச்சுன்னா ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள..." அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. முடிக்காமலே எங்களுக்குப் புரிந்தது.

"வேப், அதான் அந்த ஆவி இழுக்கற கருவி, பிடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"அது ஒண்ணும் மூலிகை இல்லம்மா. அதையும் ஒருநாள் விடத்தான் வேணும். ஆனா சிகரெட்டுக்கு அது தேவலை."

அப்படித்தான் பேனா மாதிரி இருக்கும், தீர்ந்ததும் தூக்கிப்போடுகிற வேப் எங்கள் வீட்டுக்குள் வந்தது. முப்பத்தைந்து வருடம் புகைத்த மனிதனை அந்தப் பேனா அறுபது நாள் தாங்கியது. ஆனால் அது பாதி வழியில் செத்துப்போகும். சட்டைப்பையில் ஒழுகும். அறுபத்தொன்றாம் நாள் ரயில் நிலையத் திருப்பத்தில் பேனா செத்தது. மின்கோ பஸ்ஸை ஓரம் கட்டி, ஒரு பயணியிடம் சிகரெட் கேட்டு வாங்கி, மூக்கருகே வைத்து முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருக்கிறான். பஸ் முழுக்கக் கைதட்டினார்களாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவன் அழுதான்.

மறுநாளே நான் அவனை விலியானாவின் வேப் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். விலியானா என் தங்கையோடு படித்தவள். ஒளிவுமறைவு தெரியாதவள்.

மேஜைமேல் மூன்று கருவிகளை வைத்தாள். முதலாவது செங்கல் போல இருந்தது. "இது பசங்களுக்கு. இழுத்து விட்டா உங்க பஸ்ஸே மேகத்துல மறைஞ்சுரும், ரோடு தெரியாது." இரண்டாவதில் பட்டன்களும் எண்களும் மினுங்கின. "இது பொழுது போகாதவங்களுக்கு." மூன்றாவது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளம். "இதுதான் உங்களுக்கு மாமா. பட்டனே கிடையாது, இழுத்தா வேலை செய்யும். சிகரெட் மாதிரியே இறுக்கமா வரும். வாய்க்கு வந்துட்டு அப்புறமா நெஞ்சுக்குப் போகும். இந்தக் குப்பியில நீங்களே திரவத்தை ஊத்திக்கலாம். உள்ள இருக்கற கம்பிச்சுருள் கருகிப்போனா குப்பிய மட்டும் மாத்துங்க. ஒரு ஷிஃப்ட் முழுக்க சார்ஜ் நிக்கும்."

மின்கோ அதை வாங்கிப் பார்த்தான். இரண்டு மாதத்தில் முதல்முறையாக அவன் முகத்தில் ஒரு தெளிவு. விலியானா மெதுவாக அவன் விரல்களைப் பிரித்துக் கருவியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"படி உயர்வுச் சான்று இருக்கா?"

"என்ன சான்று?"

"பேனா முதல் படியாம். நிரப்பற கருவி ரெண்டாம் படியாம். முதல் தடவையா மேல ஏறறவங்க ஆணையத்துல சான்று வாங்கணும். இந்த மாசத்துல இருந்து கண்டிப்பாக் கேக்கச் சொல்லிட்டாங்க. பேனாவும் இனிமே வராது, இதோ கடைசி ரெண்டு."

"சிகரெட்டுக்கு?" என்றேன்.

விலியானா ஜன்னல் வழியாக எதிர்ப்பக்கத்துக் கூண்டுக்கடையைக் காட்டினாள். "அதுக்கு வாயத் திறந்து கேட்டாப் போதும்."

ஆணையத்தின் முதல் கவுண்டரில் டோச்கா என்ற அம்மாள் பனித்சா என்ற பாலாடைக்கட்டி அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தாள். தயிருக்கும் படிவத்துக்கும் நடுவில் எங்களுக்கு இடம் கொடுத்தாள்.

"விண்ணப்பதாரர் ஆரம்பநிலையாளரா?"

"ஆமாங்க," என்றான் மின்கோ.

"ஆரம்பநிலையாளருக்கு உயர்ந்த கருவி கிடையாது."

"அப்ப ஆரம்பநிலை இல்லன்னு போடுங்க," என்றேன்.

"போட்டாச்சு. இதுக்கு முன்னாடி வச்சிருந்த உயர்ந்த கருவியோட வரிசை எண்?"

"இதுக்கு முன்னாடி இல்லையே. இதுதான் முதல்."

"அப்ப ஆரம்பநிலையாளர்." ரப்பரால் அழித்தாள். தாளில் எண்ணெய் படிந்தது.

"முதல் தடவை உயர்றவங்க என்னதான் பண்றது?" என்று கத்தினேன்.

டோச்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ரெண்டாம் தடவையா வரணும்," என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனாலும் நாங்கள் நகராமல் நின்றதால், தீராத வழக்குகளைத் தீர்க்கும் ஆணைய அமர்வுக்கு எங்களை அனுப்பினாள்.

அமர்வில் மூன்று பேர். நடுவில் தலைவர் ஹிண்டாலோவ். அவர் கண்ணாடிக்கும் தாடிக்கும் நடுவில் சிகரெட் மஞ்சள் ஏறிய மீசை. இடப்பக்கம் புள்ளிவிவர அம்மாள். வலப்பக்கம் ஓய்வுபெற்ற மல்யுத்தப் பயிற்சியாளர் ஒருவர், மூச்சுத் துறை நிபுணர் என்ற பலகைக்குப் பின்னால் தூங்கிக்கொண்டிருந்தார். தூக்கத்தில் அவர் மூச்சு நன்றாகத்தான் போய் வந்தது.

தலைவர் எழுந்து பேசினார். இரண்டு பேருக்காக எழுந்து நின்று பேசும் மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"இந்த ஆணையம் தொடங்கி நாலு வருஷம் ஆச்சு. தப்பான ஒரு கருவி, தப்பான ஒரு ஆள் கைக்குப் போயிருக்கா? போகல. ஏன்? எந்தக் கருவியும் எந்த ஆள் கைக்கும் போகல. இதைத்தான் நாங்க சாதனைன்னு சொல்றோம். ஆரம்பநிலையில இருக்கறவன் தானாவே ஒரு கருவியத் தேர்ந்தெடுத்தான்னா, அப்புறம் ஆணையம் எதுக்கு? மக்களை மக்கள்கிட்ட இருந்து காப்பாத்தறதுதான் எங்க வேலை."

"சிகரெட்ல இருந்து யாரு காப்பாத்தறது?" என்றேன்.

"சிகரெட் எங்க துறை இல்லம்மா." ஜன்னலோரச் சாம்பல் கிண்ணத்தை நாசூக்காகத் திரைக்குப் பின்னால் தள்ளினார். "சரி, விஷயத்துக்கு வருவோம். ரெண்டாம் படிக் கருவி, சிகரெட்டை விடறவங்களுக்கு. நீங்க பிடிக்கறவர்தானே?"

"விட்டுட்டேங்க," என்றான் மின்கோ. பெருமையில் வயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டான். "இன்னியோட அறுபத்துமூணு நாள்."

மூன்று முகங்களும் வாடின. தூங்கியவர் முகம்கூட.

"அடடா," என்றார் தலைவர். "அப்ப நீங்க விட்டவர். விடறவர் இல்ல. விட்டவருக்கு விடறதுக்கான கருவி எதுக்கு? பிடிக்காத மனுஷன் கையில வேப்பைக் குடுத்தா நாளைக்கு எங்களை ஜெயில்ல போடுவாங்க."

"அது இல்லன்னா இவன் திரும்பப் பிடிச்சுருவான்யா!"

"பிடிக்கட்டும்," என்றாள் புள்ளிவிவர அம்மாள். "பிடிச்சுட்டு வரட்டும். அப்ப தகுதி வந்துரும்." அவள் பேனாவைத் தயாராகப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தத் தட்டு வந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டு, ஓரத்தில் ஆணைய முத்திரை, நடுவில் ஒரே ஒரு சிகரெட். பக்கத்தில் தீக்குச்சிகூட வைத்திருந்தார்கள்.

"விதி பதினொண்ணு. மூணு இழுப்பு போதும்," என்றார் தலைவர், விருந்தாளிக்கு ரக்கியாச் சாராயம் ஊற்றுகிற குரலில். "பிடிக்கறவர்னு நாங்க நேர்ல பாத்துட்டா, விடறதுக்கு உதவி பண்ணிடலாம்."

மின்கோவின் விரல்கள் மேஜைமேல் இருந்தன. அவை நகரவில்லை. ஆனால் நகராமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அந்தத் தட்டை எடுத்து ஹிண்டாலோவின் மண்டையில் போட்டு உடைத்திருந்தால் எனக்கு இன்று நிம்மதியாகத் தூக்கம் வரும். உள்ளங்கையால் தட்டை மூடியதோடு நிறுத்திக்கொண்டேன்.

"பத்தவைக்க மாட்டீங்களா? அப்ப தலைக்கண் முன்னாடி வாக்குமூலம் குடுங்க."

தலைக்கண் என்பது சுவரில் பொருத்திய ஒரு காமிரா. கீழே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு, சான்று அச்சடிக்கும் பொறி. வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ரிப்பனைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"வெளிநாட்டுச் சரக்கு," என்றார் தலைவர், புது மாப்பிள்ளையைக் காட்டுவது போல. "வாய் பொய் சொல்லும். கையெழுத்தை வாங்கிடலாம். தலை பொய் சொல்லாது. ஆம், இல்லைன்னு தலையசைச்சாப் போதும். இது பதிஞ்சா பதிஞ்சதுதான், நானே நெனச்சாலும் மாத்த முடியாது. ஆணையத்து ஓட்டெடுப்பும் இனிமே இது வழியாத்தான். எல்லா இடத்துக்கும் ஒரே கோப்பு. இங்க தலை அசைஞ்சா ஆஸ்பத்திரிக்கே தெரிஞ்சுரும்."

அந்தப் பொறியைச் செய்த தேசத்தில் ஆமென்றால் தலையை மேலும் கீழும் ஆட்டுவார்களாம். இருக்கட்டும், அவர்கள் கழுத்து அவர்களுக்கு. நாங்கள் பல்கேரியர்கள். எங்களுக்கு ஆமென்றால் தலை இடமும் வலமும் ஆடும். இல்லையென்றால் மேலும் கீழும், கூடவே நாக்கில் ஒரு 'ச்சு'. தொட்டிலில் படுத்திருந்தபோது பழகிய கழுத்து இது. பொறியை வாங்கியவர், விற்றவர், ரிப்பன் கட்டியவர் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"நீங்கள் புகைப்பவரா?" என்றது சுவர், தேன் தடவிய பெண் குரலில்.

மின்கோ தலையை மேலே தூக்கிக் கீழே இறக்கினான். ச்சு. அழுத்தம் போதாதென்று இன்னொரு முறை. ச்சு. இந்த ஊரில் பிறந்த நாய்க்குக்கூட அது இல்லை என்று புரியும்.

பச்சை விளக்கு எரிந்தது. "ஆம். பதிவாயிற்று."

பயிற்சியாளர் விழித்துக்கொண்டார். "இல்லன்னுதானே சொன்னாரு?"

"நம்ம கண்ணுக்கு அப்படித் தெரியும்," என்றார் தலைவர். "பொறிக்கு மனுஷனோட உள்ள இருக்கறது தெரியும்."

மின்கோ வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். ஆம், மிதித்தேன். சான்று சூடாக அச்சாகி வெளியே வந்துகொண்டிருந்தது. அதை விட்டால் கூண்டுக்கடைதான் கதி என்று பயந்தேன். அந்த ஒரு மிதிக்காக என்னை நானே திட்டாத நாள் இல்லை.

தீப்பெட்டிக் கருவி வீட்டுக்கு வந்தது. விலியானா சொன்னபடி குப்பியை நிரப்பி, கம்பிச்சுருள் ஊறுவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்து, முதல் இழுப்பை மின்கோ சமையலறையில் இழுத்தான். "இது சரிப்படும் டோன்கா," என்றான் என்னிடம். சரிப்பட்டது. இருமல் குறைந்தது. பூசணிக்காய் அடங்கி உட்கார்ந்தது. நாட்காட்டியில் நாட்களை அடித்துக்கொண்டே எண்பத்தொன்று வரை வந்தோம். தொண்ணூற்றிரண்டில் அறுவை.

எண்பத்தொன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம். 'தாங்கள் புகைப்பவர் என்று தாங்களாகவே ஆணையத்தின் முன் இருமுறை உறுதிசெய்துள்ளதால், தங்கள் பெயர் அறுவைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தங்கள் நேர்மைக்கு நன்றி.'

இருமுறை! இரண்டாவது 'ச்சு'வையும் விடாமல் எண்ணியிருந்தார்கள்.

டாக்டருக்குப் போன் போட்டேன். "நான் நம்பறேன்மா, அவர் ரத்தத்தையும் பாத்தேன். ஆனா கோப்பு என்னை நம்பாது. அதுல மாத்தினா அன்னிக்கே அதே தேதி தர்றேன்."

மின்கோ ஜன்னலருகே நின்றான். எங்கள் ஜன்னலிலிருந்தும் ஒரு கூண்டுக்கடை தெரியும். இந்த ஊரில் எந்த ஜன்னலிலிருந்துதான் தெரியாது?

"எழுதியே வச்சுட்டாங்க டோன்கா. பிடிச்சாலும் நான் பிடிக்கறவன், பிடிக்காட்டியும் பிடிக்கறவன். அப்புறம் எதுக்கு இந்தத் தவம்? போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வரேன். சாகறதுன்னா நிம்மதியாச் சாகறேன்."

"போ," என்றேன். "போய்ட்டு வா. வரும்போது எனக்கு ஒரு கறுப்புத் துணியும் வாங்கிட்டு வா, மனுஷா!" தட்டு ஒன்று உடைந்தது. ஆணைய முத்திரை இல்லாத தட்டு, பாவம். அவன் போகவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவு களைத்துப்போய் அவனை நான் பார்த்ததில்லை. அன்றிரவு ஆணையப் படிவத்தின் பின்பக்கத்தை முழுக்கப் படித்தேன். பொடி எழுத்தில் பதினான்காம் விதி இருந்தது.

மறுநாள் காலை, ஆணைய அமர்வின் முன்னால் நான் மட்டும் நின்றேன்.

"பதிவைத் திருத்தறதா?" ஹிண்டாலோவ் சிரித்தார். "அம்மா, அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் பச்சை விளக்கு வாங்கினப்ப சந்தோஷமாத்தானே போனீங்க?"

"அவர் இல்லன்னு சொன்னாரு. நீங்க மூணு பேரும் பாத்தீங்க."

"நாங்க பாத்தது முக்கியம் இல்ல. பொறி பாத்ததுதான் முக்கியம். பொறி தப்புன்னு நான் ஒத்துக்கிட்டா, அதை வாங்கின நானும் தப்புன்னு ஆகும். என்னை வேலைக்கு வச்ச அமைச்சகம் தப்புன்னு ஆகும். ஒரு மனுஷனோட குடலுக்காக ஒரு அமைச்சகத்தைக் கவுக்கச் சொல்றீங்களா? கொஞ்சம் நாட்டுப்பற்று வேணும்மா."

குரலை உயர்த்தக் கூடாது என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தாளை நீட்டினேன். "விதி பதினாலு. மேல்முறையீடு வந்தா ஆணையம் ஓட்டுப் போட்டாகணும். என் கேள்விய எழுதி எடுத்துட்டு வந்திருக்கேன். ஒரே வரிதான்."

மேல்முறையீடு என்று அதுவரை யாரும் வந்ததே இல்லை. புள்ளிவிவர அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டி, "இருக்குங்க," என்றாள், ஏதோ வீட்டுக்குள் பாம்பு இருக்கிறது என்பது போல. பயிற்சியாளரை எழுப்பினார்கள். மூவரும் தலைக்கண் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள். தலைவர் டையைச் சரிசெய்தார். என் கேள்வியைப் பொறிக்குள் தட்டினார்கள். சுவர் தேன் குரலில் கேட்டது:

"மின்கோ அவர்களின் புகைப்பவர் என்ற பதிவை நீக்கி, அவரைப் புகைக்காதவர் என்று அறிவிக்கலாமா?"

ஹிண்டாலோவ் என்னைப் பார்த்தபடியே தலையை மெதுவாக மேலே தூக்கி, மெதுவாகக் கீழே இறக்கினார். ச்சு. புள்ளிவிவர அம்மாள் அதே மாதிரி, ச்சு. பயிற்சியாளர் மற்ற இருவரையும் பார்த்துவிட்டு, ஒருமுறைக்கு மூன்றுமுறையாகப் பலமாக, ச்சு ச்சு ச்சு.

பச்சை. பச்சை. பச்சை.

"ஏகமனதாக ஏற்கப்பட்டது. எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்பப்பட்டது," என்றது சுவர். அச்சுப் பொறி ஓட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க!" தலைவர் பாய்ந்தார். "நாங்க மறுத்தோம்! இல்லன்னு சொன்னோம்! இவங்களே பாத்தாங்க!"

"நான் பாத்தது முக்கியம் இல்லங்க," என்றேன். "பொறிக்கு உங்க உள்ள இருக்கறது தெரியும். உங்க உள்ள இவ்வளவு நல்ல மனசு இருக்கும்னு நானும் நெனக்கல."

"இது செல்லாது! அம்மா, இது செல்லாதுன்னு உங்களுக்கே தெரியுமா தெரியாதா?"

தாளை உருவி எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தேன். தலையை மட்டும் அசைக்கவில்லை. அந்த அறையில் எந்தப் பக்கம் அசைத்தாலும் ஆபத்து. படியிறங்கித் தெருவுக்கு வந்த பிறகு, எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் அந்தக் காலுறைத் தொழிற்சாலையைப் பார்த்துச் சொன்னேன். வாசலில் ஊதிக்கொண்டிருந்தவர்கள் வழிவிட்டார்கள்.

தொண்ணூற்றிரண்டாம் நாள் காலை, அறுவை அறைக் கதவுக்கு வெளியே மின்கோ தள்ளுகட்டிலில் படுத்திருந்தான். பச்சைத் தொப்பி, வயிற்றில் கை. தீப்பெட்டிக் கருவி என் பையில். தொண்ணூறு நாளைத் தாண்டிய மனிதனின் சந்தோஷம் அவன் முகம் முழுக்க இருந்தது. நர்ஸ் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். வண்டிமேல் ஒரு காமிரா. ஒரு பச்சை விளக்கு, ஒரு சிவப்பு விளக்கு. ரிப்பன்.

"நேத்துதான் வந்துச்சு," என்றாள் நர்ஸ். "கையெழுத்தெல்லாம் இனிமே கிடையாதாம். சும்மா தலையசைச்சாப் போதும்."

"அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதமா?" என்றது தேன் குரல்.

மின்கோ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தான். அவன் தலை சந்தோஷமாக இடப்பக்கம் கிளம்பியது. நான் பாய்ந்து இரண்டு கைகளாலும் அவன் மண்டையைப் பிடித்து, மேலே தூக்கி, கீழே இறக்கினேன். மறுபடி மேலே, மறுபடி கீழே.

"ஐயோ அக்கா, என்ன பண்றீங்க? வேணாங்கறாரா?" என்று அலறினாள் நர்ஸ்.

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு விளக்கு சொன்னபடி கட்டிலை உள்ளே தள்ளினாள். கதவு மூடுவதற்குள் மின்கோ தலையைத் தூக்கிக் கேட்டான்.

"டோன்கா, இப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஆமான்னு சொன்னடா," என்றேன். "ஆமான்னுதான் சொன்ன. இனிமே தலைய ஆட்டாமப் படு."

கதவு மூடியது. என் கைகள் இரண்டும் அவன் தலையைப் பிடித்த நிலையிலேயே காற்றில் நின்றன.